முதலில் காது, பிறகுதான் கன்சோல்

ஒலிப்பதிவுத் தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இன்று முதலில் கேட்பது, எந்த சாஃப்ட்வேர் சொல்லித் தருவார்கள் என்பதைத்தான். நாங்கள் இந்தத் தொழிலைக் கற்ற காலத்தில் கேள்வி வேறாக இருந்தது: எந்த ஸ்டூடியோவில் உள்ளே விடுவார்கள்? இரண்டு கேள்விகளும் கருவியைச் சுற்றியே நிற்கின்றன. காதைப் பற்றி இரண்டிலும் பேச்சில்லை. மைசூருவில் ஒலியோடு கழிந்த ஆண்டுகளைத் திரும்ப நினைக்கும்போது எனக்கு உறுதிப்படுவது ஒன்றுதான். இந்தத் தொழிலில் நிலைத்தவர்கள் பெரும்பாலும் கேட்கக் கற்றுக்கொண்ட பிறகு கருவிக்கு வந்தவர்கள். பயிற்சி என்ற பெயரில் இன்று விற்கப்படுவது இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. வயதானவர்களின் வழக்கமான புலம்பலாக இது தோன்றலாம். அதனால்தான் நினைவை மட்டும் சாட்சிக்கு அழைக்காமல், இந்த ஊரின் வரலாற்றையும் ஒலியின் இயற்பியலையும் சேர்த்து அழைக்கிறேன்.

எண்பதுகளின் மைசூரு, இங்கே வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் காது வழியாகத்தான் அதிகம் நினைவில் இருக்கிறது. காலையில் கன்னட வானொலி. இரவானால் மீடியம் வேவில் கரகரப்புக்கு நடுவே சென்னை நிலையம். விநாயக சதுர்த்தி வந்தால் வி.வி. மொஹல்லா எட்டாவது கிராஸ் பந்தலில் வரிசையாகக் கச்சேரிகள். தசராவுக்கு அரண்மனை முன் மேடை. ஒரே பாடகரைப் பந்தலில் நேரில் கேட்டு, அதே கீர்த்தனையை வானொலியில் கேட்டு, பிறகு கேசட்டில் கேட்க முடிந்த ஊர் இது. மூன்றும் ஒன்றுபோல் இருக்காது. ஏன் இருக்காது என்ற கேள்விதான் ஒலிப்பதிவுக் கல்வியின் தொடக்கம். பந்தலில் மிருதங்கத்தின் தொப்பி வயிற்றில் அதிரும். சின்ன ரேடியோவில் அது இருந்த சுவடே தெரியாது. கேசட்டில் தம்புராவும் நாடாவின் இரைச்சலும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். எது பாட்டு, எது அறை, எது கருவி என்று பிரித்துக் கேட்கும் பழக்கம் இப்படித்தான் வளர்ந்தது. அதற்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த ஊரில் ஒலித் தொழிலைத் தொடங்கி வைத்தவர் பொறியாளர் அல்ல என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசாமி, 1935 செப்டம்பர் 10 அன்று ‘விட்டல் விஹார்’ என்ற தன் வீட்டிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கினார். கையில் இருந்தது 30 வாட் டிரான்ஸ்மிட்டர். அன்றைய குண்டு பல்பு ஒன்று அதைவிட அதிக மின்சாரம் குடிக்கும். பிறகு 250 வாட் கருவி வந்தது. சில ஆண்டுகள் சொந்த முயற்சியில் நடத்தியபின் நிலையம் மைசூர் அரசின் கைக்குப் போனது. 1955இல் பெங்களூருக்கு இடம் மாறியது. ஆகாசவாணி என்ற அதன் பெயரை அகில இந்திய வானொலியும் பிறகு எடுத்துக்கொண்டது. இதெல்லாம் இந்த ஊரில் பலரும் பெருமையாகச் சொல்லும் செய்திதான். பெருமைப்படுவதோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதே என் குறை. லண்டனில் ஸ்பியர்மேனிடம் பயின்று வந்த ஓர் உளவியலாளர் ஏன் வானொலி தொடங்க வேண்டும்? புலன்களும் கவனமும் எப்படி இயங்குகின்றன என்பதே அவருடைய துறையின் அடிப்படைக் கேள்வி. கேட்பவரின் கவனம் எங்கே நிற்கும், எங்கே நழுவும் என்று தெரிந்தவருக்கு டிரான்ஸ்மிட்டர் ஒரு வழிதான். இன்று ஒலிப்பொறியியல் பாடத்திட்டத்தில் கேட்பவரின் மனம் பற்றி ஒரு வகுப்பாவது உண்டா என்று தேடினால், பெரும்பாலும் கிடைக்காது.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். 1902இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் வணிக இசைத்தட்டுப் பதிவுகளைச் செய்த ஃப்ரெட் கைஸ்பெர்க், பியானோ வாசிப்பவராக இருந்து ஒலிப்பதிவுக்கு வந்தவர். ஆரம்பகாலப் பதிவுகளில் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர் அவர். அந்த 1902 பதிவுகளின் நட்சத்திரமான கோஹர் ஜான், தன் கடைசிக் காலத்தை மைசூருவில் கழித்தார். 1928இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனை இசைக் கலைஞராக நியமிக்கப்பட்டு, 1930 ஜனவரி 17 அன்று இங்கேயே இறந்தார். அவருடைய தட்டுகளில் பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார். தட்டு அச்சாகும் ஜெர்மனியின் ஹனோவர் ஆலையில் இருப்பவர்களுக்கு எந்தப் பதிவு யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. மைக்ரோஃபோன் இல்லாத காலம். கூம்புக்குள் தலையை நீட்டிப் பாட வேண்டும். விரிவாகப் பாடவேண்டிய ராகத்தை மூன்று நிமிடச் சொச்சத்துக்குள் சுருக்க வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பாடுபவரும் பதிபவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். கருவி ஏழையாக இருந்ததால் தீர்ப்பு முழுவதும் காதின் மேல் விழுந்தது. எல்லையில்லாத டிராக்குகள் கிடைக்கும் இன்றைய மாணவருக்கு அப்படி ஒரு தீர்ப்பைச் சொல்லவேண்டிய கட்டாயமே நேர்வதில்லை. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதே அவர் முதலில் கற்கும் பாடமாகிவிடுகிறது.

மைக் பரவுவதற்கு முந்தைய காலத்தின் இன்னொரு சாட்சி, திருமகூடலு நரசிபுரத்தில் பிறந்து மைசூருவின் பெயரோடு சேர்ந்துவிட்ட டி. சௌடய்யா. பெரிய கூட்டத்தில் பின்வரிசைக்கு வயலின் கேட்கவில்லை என்பது அவர் காலத்துச் சிக்கல். 1920களின் பிற்பகுதியில் அவர் ஏழு தந்தி வயலினைச் செய்துகொண்டார். மேல்தந்திகளுக்கு இணையாகக் கூடுதல் தந்திகள் சேர்த்து, நாதத்துக்குக் கனம் ஏற்றினார். பிடிக்காதவர்களும் இருந்தார்கள், அது இருக்கட்டும். அரங்கின் அளவு, கூட்டத்தின் இரைச்சல், கருவியின் வீச்சு மூன்றையும் ஒன்றாக வைத்துச் சிந்தித்த ஒரு வித்வான், ஒலிப்பொறியாளரின் வேலையைத்தான் செய்தார். அரண்மனையிலோ கதை வேறு விதம். ஜெயசாமராஜ உடையார் பியானோ பயின்றவர், பெரும் இசைத்தட்டுச் சேகரிப்பு வைத்திருந்தவர். ரஷ்ய இசையமைப்பாளர் நிகோலாய் மெட்னரின் படைப்புகளை லண்டனில் பதிவு செய்யப் பணம் கொடுத்தார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘நான்கு இறுதிப் பாடல்கள்’ 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் முதன்முதலாகப் பாடப்பட்டபோது, அதற்கான நிதிப் பொறுப்பை ஏற்றவரும் இவர்தான். கச்சேரியைப் பதிவு செய்து மைசூருவுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த மாலையின் பதிவாக இன்று உலகில் சுற்றுவது ஒலித்தரத்தில் மிகவும் சுமார். ஆனாலும் ரசிகர்கள் தேடித் தேடிக் கேட்கிறார்கள். பாடியவர் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட், நடத்தியவர் ஃபுர்ட்வெங்க்ளர் என்றால் தேடாமல் என்ன செய்வார்கள்? எது பதியத்தக்கது என்று அறிவதும் இந்தத் தொழிலில் ஒரு பாதி. அதை எந்த பிளக்-இன்னும் சொல்லித் தராது.

எங்கள் பயிற்சி ஸ்பூல் டேப்பில் நடந்தது. பேச்சில் ஒரு இருமலை எடுக்க வேண்டுமென்றால் டேப்பைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி இடத்தைக் கண்டுபிடித்து, மெழுகுப் பென்சிலால் குறித்து, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவோம். வெட்டினால் திரும்பாது. அதனால் வெட்டும் முன் பலமுறை கேட்டோம். அளவுக்கு வி.யு. மீட்டரின் ஊசியைப் பார்ப்போம். ஆனால் அந்த ஊசி ஒலியை எட்டிப் பிடிக்கச் சுமார் 300 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். கம்சாளெ ஆடுபவர்கள், மாதேஸ்வரன் மலைக் கதைகளைப் பாடிக்கொண்டு வெண்கலத் தட்டைச் சுழற்றி மோதும்போது, ஒலி உச்சத்துக்குப் போய் இறங்கிய பிறகுதான் ஊசிக்குத் தகவல் எட்டும். ஊசி சாதுவாக ஆடிக்கொண்டிருக்கும், டேப்பில் ஒலி உடைந்திருக்கும். நம் ஊர் பஜனை ஜால்ராவுக்கும் இதே தொல்லைதான். ஆகவே மீட்டரை நம்பாமல் காதை நம்பு என்பது அந்தக் காலத்தில் வெறும் உபதேசமாக இல்லை. கருவியின் குறையிலிருந்து பிறந்த விதியாக இருந்தது. இன்றைய டிஜிட்டல் மீட்டர் உச்சத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. நல்லதுதான். ஆனால் உச்சம் தாண்டவில்லை என்பதற்கும் ஒலி நன்றாக இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை என்று திரை காட்டுவதில்லை. திரையில் அலை அழகாக இருந்தால் பதிவும் அழகு என்று நினைக்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள்.

கருவியை முதல் பாடமாக வைப்பதில் உள்ள பெரிய ஆபத்து, கருவி செத்துப்போகும் என்பது. டாட் என்ற டிஜிட்டல் நாடா 1987இல் வந்தது. இனி அதுதான் எல்லாம் என்றார்கள். 2005இல் சோனி அந்தக் கருவிகளைத் தயாரிப்பதை நிறுத்தியது. 1990களின் தொடக்கத்தில் வந்த எட்டு டிராக் ஏடாட் இயந்திரத்தைத் தலைகீழாகப் படித்து வைத்தவர்களின் அறிவு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பழைய இரும்புக் கடைக்குப் போனது. அதே காலத்தில் மாறாமல் நின்றவை எவை என்று பாருங்கள். நாய்மன் நிறுவனம் 1949இல் வெளியிட்ட யு 47 மைக்கை இன்றும் வாடகைக்குத் தேடுகிறார்கள். 1967இன் யு 87 ஸ்டூடியோக்களில் இன்றும் வேலை செய்கிறது. 1966இல் வந்த ஷூர் எஸ்.எம். 58 இல்லாத கச்சேரி மேடை அபூர்வம். சேமிக்கும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன, கேட்கும் கருவிகள் நின்றன. மைக்கை எங்கே வைப்பது, அறை என்ன செய்கிறது, வாத்தியம் எந்தப் பக்கம் ஒலியை வீசுகிறது என்ற மூன்றையும் 1950இல் கற்றவர் இன்று கண் விழித்தாலும் வேலைக்குப் போகலாம்.

அறையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பயிற்சியில் அதிகம் புறக்கணிக்கப்படுவது அதுதான். இன்று மைசூருவிலும் கோயம்புத்தூரிலும் வீட்டு ஸ்டூடியோ என்றால் பெரும்பாலும் பத்துக்குப் பத்து அடி அறை. ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். பத்தடிச் சுவர்களுக்கு நடுவே அது எதிரொலித்துச் சேரும் முதல் இடம் சுமார் 56 ஹெர்ட்ஸ். பிறகு 112, பிறகு 168 என்று போகும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு திசையும் ஒரே சுரத்தில் பெருகும். கூரையும் பத்தடி என்றால் கேட்கவே வேண்டாம். அந்த அறையில் உட்கார்ந்து மிக்ஸ் செய்பவர், அவருடைய நாற்காலி இருக்கும் இடத்தைப் பொறுத்து, இல்லாத பேஸைக் கேட்பார் அல்லது இருக்கும் பேஸைக் கேட்கமாட்டார். எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் இது மாறாது. இதற்கு மருந்தாகச் சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். முட்டை அட்டை வெளிச்சத்தத்தைத் தடுக்காது, பேஸையும் உறிஞ்சாது. உயர் சுரங்களில் கொஞ்சம் விழுங்கி, அறையை மந்தமாக்கும். தீயும் சுலபமாகப் பிடிக்கும். கடைசிச் செய்தியை மைசூருக்காரர்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. 1989 பிப்ரவரி 8 அன்று பிரீமியர் ஸ்டூடியோவில் ‘தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்’ படப்பிடிப்பின்போது தீப்பிடித்து 62 பேர் இறந்தார்கள். சரியில்லாத வயரிங், காற்றோட்டமின்மை, சுவர்களில் தீயைத் தாங்காத சணல் சாக்கு என்று அப்போது செய்திகளில் காரணங்கள் வந்தன. அன்றைய மைசூருவின் மேல் கவிந்த துக்கம் இங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒலித்தடுப்பு வேறு, ஒலி உறிஞ்சல் வேறு, தீத்தடுப்பு வேறு. மூன்றும் தெரியாமல் ஒருவரை ஸ்டூடியோ கட்ட அனுப்புவது குற்றம் என்றே சொல்வேன்.

வாத்தியத்தின் கதையும் இதுபோன்றதே. நம் பயிற்சிக்கூடங்களில் புழங்கும் பாடநூல்கள் டிரம்ஸ் செட்டுக்கும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் எழுதப்பட்டவை. அவற்றில் குறை ஒன்றுமில்லை. எழுதியவர்கள் தங்கள் இசைக்கு எழுதினார்கள். ஆனால் 1920இலேயே சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் நம் தோல்வாத்தியங்களைப் பற்றி எழுதிவிட்டார். மற்ற முரசுகளின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் சிதறும். மிருதங்கத்தின் வலந்தலையில் பூசிய கருஞ்சோறு அவற்றை முழு எண் மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. அதனால்தான் மிருதங்கத்தை ஸ்ருதி சேர்க்க முடிகிறது. தம்புராவைப் பற்றியும் அவர் எழுதினார். தந்தியை ஓரிடத்தில் மீட்டினால் சில மேற்சுரங்கள் எழவே கூடாது என்பது விதி. வளைந்த பிரிட்ஜும் ஜீவா நூலும் சேர்ந்து அந்தச் சுரங்களையும் எழுப்பிவிடுகின்றன. இதைத் தெரிந்துகொண்ட மாணவர் மிருதங்கத்துக்கு ராக் டிரம்மின் இ.க்யூ. போடமாட்டார், தம்புராவை ஒட்டி ஒரு மைக்கை வைத்துவிட்டு ஜீவா ஏன் போயிற்று என்று விழிக்கமாட்டார். திசை மைக்கை மிக நெருங்கி வைத்தால் கீழ்ச்சுரங்கள் ஊதிப் பெருகும் என்பதை ஒரு மணி நேரத்தில் காதால் கற்றுவிடலாம். கர்நாடக இசையின் கமகத்தைக் கம்ப்ரஸர் எங்கே தட்டையாக்குகிறது என்று அறிய ஆண்டுகள் ஆகும். அதற்கு இசை தெரிய வேண்டும். கொஞ்சமாவது பாடவோ வாசிக்கவோ கற்காமல் இந்தப் படிப்புக்கு யாரையும் சேர்க்கக்கூடாது என்பது என் கட்சி.

இத்தனைக்கும் வேண்டிய ஆசிரியர்கள் மைசூருவில் ஒரே வளாகத்தின் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. மானசகங்கோத்ரியில் 1965 முதல் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இயங்குகிறது. ஒலி புகாத அறையில் காதை அளப்பதும், பேச்சொலியைக் கூறுகூறாகப் பிரித்து ஆராய்வதும் அங்கே அன்றாட வேலை. தடயவியல் பேச்சறிவியலில் முதுநிலைப் பட்டயமும் அங்கே உண்டு. ஒரு பதிவில் இருப்பது யார் குரல், அதில் வெட்டு ஒட்டு நடந்திருக்கிறதா என்று நீதிமன்றத்துக்குச் சொல்லும் கலை அது. கொஞ்சம் தள்ளி 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். எழுத்தில்லாத மலைமொழிகளைக்கூட வாய்விட்டுச் சொல்ல வைத்துப் பதிந்து ஒலியியல் நூல்கள் கொண்டுவந்த நிறுவனம். இன்று இந்திய மொழிகளுக்கான பேச்சுத் தரவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. கங்குபாய் ஹங்கல் பெயரிலான இசைப் பல்கலைக்கழகம் இந்த ஊரில், 1989இல் பி.வி. காரந்த் வழிநடத்தத் தொடங்கிய ரங்காயணம் இந்த ஊரில். வானொலி நிலையம் யாதவகிரியில். ஒலிப்பொறியியல் படிக்கும் பிள்ளைக்குத் தன் காதின் ஆடியோகிராமை முதல் வாரத்திலேயே எடுத்துக் கையில் கொடுப்பது எவ்வளவு எளிது இங்கே! 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது வேலையிடப் பாதுகாப்புக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் சொல்லும் வரம்பு; ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்; 100 டெசிபல் என்றால் பதினைந்தே நிமிடம். ஹெட்ஃபோனில் அதைவிட உரக்கக் கேட்டுப் பழகி, இருபத்தைந்து வயதில் நான்காயிரம் ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்த காதோடு மிக்ஸிங் செய்ய வருபவர்களை இந்தத் துறை பார்க்காமல் இல்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. சிலவற்றில் நியாயமும் உண்டு. வேலை கொடுப்பவர்கள் காதைக் கேட்பதில்லை, புரோ டூல்ஸ் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள் என்பது முதல் மறுப்பு. உண்மை. முதல் வேலைக்கு அது தேவை. ஆனால் ஒரு மென்பொருளின் அன்றாடப் புழக்கத்தைச் சில மாதங்களில் பிடித்துவிடலாம். வீட்டிலிருந்தே இலவசமாகவும் கற்கலாம். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் இடம், வீட்டில் கற்க முடியாததைத்தானே தர வேண்டும்? நல்ல அறை, உயிருள்ள வாத்தியக்காரர்கள், தவறை உடனே சுட்டிக்காட்டும் மூத்த காது, இவை மூன்றும் வீட்டில் கிடைக்காதவை. இவற்றைத் தராமல் கணினி வரிசைகளைக் காட்டும் கூடம், மாணவர் ஏற்கெனவே வைத்திருப்பதை அவருக்கே விற்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. காது, குரு, பக்கத்தில் இருந்து கற்றல் என்று பேசினால் பழைய ஸ்டூடியோ வழக்கத்துக்குத் திரும்பச் சொல்வதாகும். அங்கே சம்பளம் இல்லாமல் வருஷக்கணக்கில் கேபிள் சுற்ற வேண்டும். தெரிந்தவர், உறவு, சாதி இல்லாதவர்களுக்கு வாசலே இல்லை. பெண்கள் பாட வரலாம், கன்சோல் முன் உட்கார வரக்கூடாது. இதில் ஒரு சொல்லைக்கூட மறுக்கமாட்டேன், அப்படித்தான் இருந்தது. கல்விக்கூடங்கள் அந்தப் பூட்டை உடைத்தன. மைசூர் அரசு 1943இல் பெங்களூரில் தொடங்கிய ஜெயசாமராஜேந்திர தொழிற்பயிற்சிக் கூடத்தில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பாடமாயின. குரு தத் படங்களின் ஒளிப்பதிவாளர், மைசூருவில் பிறந்த வி.கே. மூர்த்தி அங்கே படித்தவர். சென்னையில் 1945இல் வித்திட்டு வளர்ந்ததே இன்றைய தரமணி திரைப்பட நிறுவனம். புணே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்த ரசூல் பூக்குட்டி ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்டார். கேரளத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவருக்கு அந்த வாசலைத் திறந்தது ஓர் அரசுக் கல்லூரி. ஆகவே நான் கேட்பது குருகுலத்தை அல்ல. குருகுலம் கொடுத்த காதுப்பயிற்சியை, எல்லோரும் நுழையக்கூடிய அரசுக் கட்டணக் கூடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறேன். பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகையும், வேலை நேரத்துக்கு வரம்பும், பெண்கள் இரவில் பாதுகாப்பாகத் திரும்ப ஏற்பாடும் அதில் அடங்கும்.

மைசூருவில் தொழில் எங்கே இருக்கிறது என்பது மூன்றாவது. சிவராம்பேட்டையில் பிறந்த ராஜன்–நாகேந்திரா சகோதரர்களே பாட்டுப் பதிய சென்னைக்குத்தான் போனார்கள். கன்னட சினிமாவே நெடுங்காலம் கோடம்பாக்கத்தை நம்பியிருந்தது. ஷங்கர் நாக் பெங்களூரில் சங்கேத் ஸ்டூடியோவை நிறுவிய பிறகுதான் நிலைமை நகர ஆரம்பித்தது. சினிமாவை மட்டும் தொழில் என்று எண்ணினால் இந்த வாதம் சரி. சினிமாவுக்குள்ளேயே வேலை எத்தனையாகப் பிரிந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘லகான்’ படத்தின் ஒலிக்கான தேசிய விருது, ‘மகாநதி’க்கும் ‘உயிரே’வின் இந்தி மூலத்துக்கும் அதே விருதை ஏற்கெனவே பெற்றிருந்த எச். ஸ்ரீதருக்கும், படப்பிடிப்புத் தளத்தில் குரலைப் பதிந்த நகுல் காம்தேவுக்கும் சேர்த்தே போனது. சினிமாவுக்கு வெளியே நேரடிக் கச்சேரி இருக்கிறது. எஸ். ஜானகி தன் கடைசி மேடைக் கச்சேரிக்கு 2017 அக்டோபரில் தேர்ந்தெடுத்தது மானசகங்கோத்ரி திறந்தவெளி அரங்கத்தை. திறந்தவெளியில் அந்தக் குரலைக் கடைசி வரிசை வரை கொண்டுபோவதும் இந்தத் தொழில்தான். நாடகம், ஒலிநூல், நீதிமன்றத் தடயம், பேச்சுத் தரவு, அழியும் நாடாக்களைக் காப்பாற்றுதல் என்று மற்ற கிளைகள் எல்லாம் இந்த ஊரின் நிறுவனங்களோடு நேரடியாக ஒட்டியவை. வீடுகளின் பரணில் கிடக்கும் கச்சேரி ஸ்பூல்களும் கேசட்டுகளும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பூஞ்சை பிடிக்கின்றன. அவற்றை டிஜிட்டலாக்க அவசரமாக ஆள் வேண்டும். பழைய இயந்திரத்தின் ஹெட் கோணத்தைக் காதால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் வேகமாகக் குறைந்துவருகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு மிக்ஸிங், மாஸ்டரிங் இரண்டையும் செய்துவிடும், இனி காது எதற்கு என்பது இப்போது கிளம்பியிருக்கும் நான்காவது மறுப்பு. செய்யும், சாதாரண வேலையைச் சகாய விலைக்குச் செய்கிறது, அதை மறுப்பது வீண். ஆனால் 2020 ஊரடங்கில் இணையத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒன்று தெரியும். வீடியோ அழைப்புச் செயலிகள் ஸ்ருதிப்பெட்டியை இரைச்சல் என்று எண்ணித் தானாக வெட்டிவிட்டன. மாறாமல் நிற்கும் ஒலியெல்லாம் மின்விசிறிதான் என்று கற்பிக்கப்பட்ட இயந்திரத்துக்குத் தம்புரா வேறென்னவாகத் தெரியும்? ஆசிரியர்கள் செட்டிங்கைத் தேடிப்பிடித்து அந்த வசதியை அணைத்தார்கள். எது இரைச்சல், எது இசை என்ற முடிவை இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டுமானால், அதைச் சோதித்துச் சொல்ல நம் இசை தெரிந்த காதுகள் முன்னைவிட அதிகமாக வேண்டும். பொத்தானை மட்டும் கற்றவரின் வேலையைத்தான் இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்ளும். அந்தப் பொத்தானையே அது தின்றுவிடுமே!

பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கட்டணம் கட்டும் முன் அந்தக் கூடத்தின் ஒலிப்பதிவு அறைக்குள் நின்று கை தட்டிப் பாருங்கள். அறையின் அளவை எப்படித் தீர்மானித்தார்கள், சுவரில் ஒட்டியிருப்பது தீப்பிடிக்குமா, அவசர வழி எது என்று கேளுங்கள். ஓராண்டில் ஒவ்வொரு மாணவரும் உயிருள்ள பாடகரையும் வாத்தியத்தையும் எத்தனை மணி நேரம் தன் கையால் பதிவு செய்வார், அந்தப் பதிவுகளை யார் உட்கார்ந்து கேட்டுத் திருத்துவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்தப் பணத்தில் பிள்ளையைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தில் ஒரு நல்ல மைக் வாங்கிக் கொடுங்கள்.